பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள், பணம் வரவில்லை: எந்த மனு, எந்தக் கோர்ட், என்னென்ன காகிதம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இந்துத் திருமணம், மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு நாலு. சென்ற ஜூன் முதல் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். கணவர் கோயம்புத்தூரில் தனியார் கம்பெனி வேலை. ஏழு மாதமாகப் பணம் அனுப்பவில்லை, போனில் மட்டும் "பையனைத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்கிறார். விவாகரத்து கேட்க மனசில்லை. "கஸ்டடிக்கும் மெயின்டனன்ஸுக்கும் எந்த ஃபாரம் பூர்த்தி செய்யணும், வக்கீல் இல்லாமல் நானே போடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் ஃபாரம் சின்ன விஷயம். ஒரு வழக்கா இரண்டா, நெல்லையிலா கோவையிலா, எந்தக் காகிதம் இல்லாவிட்டால் மனு திரும்பி வரும் என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: இவை இரண்டு தனி வழக்குகள், விவாகரத்து கேட்காமலேயே இரண்டையும் போடலாம். பணத்துக்கான மனு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 144ஆம் பிரிவில் வரும். 2024 ஜூலை 1க்கு முன்பு இதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவு. டைப்பிங் சென்டர்களில் பழைய மாதிரி மனுவைத் திறந்து பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள், 125 என்ற எண் அப்படியே நிற்கும். அதனால் உங்கள் உரிமை போய்விடாது, ஆனால் மனு திருத்தத்துக்குத் திரும்பும், இரண்டு வாரம் வீணாகும். பிள்ளைகள் பொறுப்புக்கான (கஸ்டடி) மனு 1890ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின் கீழ் வரும், அதோடு 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) பாதுகாவலர் சட்டத்தையும் சேர்த்துக் குறிப்பிடுவார்கள். குடும்ப நீதிமன்றம் உள்ள ஊரில் இரண்டும் அங்கேயே விசாரிக்கப்படும். திருநெல்வேலியில் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு மனைவி வசிக்கும் ஊர் போதும். பிள்ளைகள் வழக்கில் பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடம் எது என்பதுதான் அளவுகோல், அப்பா எங்கே இருக்கிறார் என்பது அல்ல. ஆகவே கோவைக்கு அலைய வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: பையன் பாளையங்கோட்டைப் பள்ளியில் சேர்ந்த தேதியோடு ஒரு போனஃபைட் சான்று வாங்குங்கள். "நாலு நாள் லீவுக்குப் போனவள் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டாள்" என்று கணவர் தரும் எதிருரையில் (பதில் மனுவில்) வந்தால் அந்த ஒரு காகிதம்தான் பேசும்.

வரிசையைப் பற்றி என் கருத்து: ஜீவனாம்ச மனுவை முதலில் போடுங்கள். 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சத்தை மனு தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. தாக்கல் செய்யாமல் போகும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நஷ்டம். பிள்ளைகள் மனுவை உடனே போடத்தான் வேண்டுமா என்பதில் அனுபவமுள்ள வக்கீல்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. பிள்ளைகள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறார்கள், நீங்களாகப் போய் ஏன் கதவைத் தட்ட வேண்டும் என்பது ஒரு பக்கம். ஆனால் உங்கள் விஷயத்தில் தூக்கிப்போவதாக மிரட்டல் இருக்கிறது. அப்பாவும் சட்டப்படி இயல்பான பாதுகாவலர். கோர்ட் உத்தரவு இல்லாத நிலையில் அவர் பள்ளி வாசலில் வந்து பையனைக் கூட்டிப்போனால் "இது ஃபேமிலி மேட்டர்" என்று போலீஸ் ஒதுங்கிக்கொள்ளும், பள்ளியும் தடுக்க முடியாது. எனவே போடலாம் என்பதே என் எண்ணம். பொறுப்பு என்னிடமே தொடர வேண்டும், அதில் எதிர்மனுதாரர் பலவந்தமாகத் தலையிடக் கூடாது என்று கேளுங்கள், கூடவே இடைக்காலத் தடை கேட்டு ஒரு ஐ.ஏ. (வழக்குக்குள் போடும் இடைமனு) போடுங்கள். "என்னை மட்டும் பாதுகாவலராக நியமிக்க வேண்டும்" என்று கேட்டுவிடாதீர்கள். அப்பா உயிரோடு இருக்கையில் அவர் தகுதியற்றவர் என்று நிரூபிக்கும் பெரிய சுமையை நீங்களே தலையில் ஏற்றிக்கொள்வதாகும்.

இனி ஜீவனாம்ச மனு. மனுதாரர்கள் மூன்று பேர்: நீங்கள், மகன், மகள். இளவர்கள் இருவருக்காகவும் தாயாகிய நீங்கள் கையெழுத்திடுவீர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே தொகையாக "மாதம் 30,000 ரூபாய்" என்று கேட்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மனைவியின் பங்கை மறுக்கச் சட்டத்தில் காரணங்கள் உண்டு: தன்னைப் பராமரித்துக்கொள்ளும் வருமானம் இருக்கிறது, தகுந்த காரணமின்றிப் பிரிந்து வாழ்கிறாள் என்றெல்லாம் வாதிடுவார்கள். பிள்ளைகளின் பங்குக்கு அந்த வாதம் பொருந்தாது. தனித்தனியாக மூன்று தொகை எழுதியிருந்தால், உங்கள் பங்கில் வெட்டு விழுந்தாலும் பிள்ளைகள் தொகை நிற்கும். ஒன்றாக எழுதியிருந்தால் மொத்தமும் சேர்ந்து குறையும். மனுவின் உடலில் திருமணத் தேதி, இடம், பிள்ளைகள் பிறந்த தேதிகள், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த முகவரி, பிரிந்த தேதி, பிரிந்ததற்கான காரணம் இரண்டு மூன்று பத்தியில், கடைசியாகப் பணம் வந்த தேதியும் தொகையும், அவருடைய வேலையும் வருமானமும், உங்கள் நிலை, வழக்குமூலம் (வழக்குப் போடக் காரணமான நிகழ்வு) எழுந்த நாளும் இடமும், பரிகாரம் (கோர்ட்டிடம் நீங்கள் கேட்பது) என்ற வரிசை போதும். ஆறேழு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மாமியார் சொன்ன சொல்லையெல்லாம் எழுதத் தோன்றும், வலி அப்படிப்பட்டது. ஆனால் எழுதிய ஒவ்வொரு வரியையும் குறுக்கு விசாரணையில் கேட்பார்கள், நிரூபிக்க முடியாத வரி மற்ற வரிகளின் நம்பகத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

உண்மையில் இந்த வழக்கின் உயிர் மனுவில் இல்லை, சொத்து மற்றும் கடன் பற்றிய பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. அதே 2020 தீர்ப்பு, ஜீவனாம்சம் கேட்பவர், கொடுக்க வேண்டியவர் இருவருமே ஒரு குறிப்பிட்ட வடிவில் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் சத்தியம் செய்து தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வடிவம் தீர்ப்பின் இணைப்பிலேயே இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துவது முதல் இணைப்பு, விவசாயத்தை நம்பி வாழ்பவர்களுக்கு இரண்டாவது. கல்வித் தகுதி, எங்கே குடியிருக்கிறீர்கள், மாதச் செலவு, நிலுவையில் உள்ள வேறு வழக்குகள், உங்களை நம்பியிருப்போர், மருத்துவ விவரம், பிள்ளைகளின் செலவு, உங்கள் வருமானம், சொத்து, கடன், கடைசியாகக் கணவரின் வருமானம் பற்றி உங்களுக்குத் தெரிந்தது என்று கட்டங்கள் வரும். பொருந்தாத கட்டத்தில் "இல்லை" என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். உங்கள் மனுவோடு இது போய்விட்டால் அவர் அதிகபட்சம் நாலு வாரத்துக்குள் தன்னுடையதைத் தாக்கல் செய்ய வேண்டும், வாய்தா வாங்கி இழுத்தால் எதிர்வாதத்தை அடைத்துவிடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. நீங்களே தாக்கல் செய்யாமல் அவரைக் கேட்க முடியாது.

செலவுக் கணக்கைச் சுற்றுமதிப்பாக எழுதாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்காக்குங்கள். மகனுக்கு மட்டும் ஒரு உதாரணம்: பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 42,000 என்றால் மாதம் 3,500. புத்தகம், சீருடை, ஷூ ஆண்டுக்கு 9,600, மாதம் 800. வேன் 1,200 வீதம் பத்து மாதம், மாதச் சராசரி 1,000. தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் துணி 6,000, மாதம் 500. டாக்டர், மருந்து சராசரி 700. வீட்டு மளிகை, பால், காய்கறி, கேஸ் சேர்த்து 12,000 ஆகிறது, நாலு பேர் சாப்பிடுகிறீர்கள் என்றால் அவன் பங்கு 3,000. மொத்தம் 9,500. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ரசீது எண் எழுதுங்கள். ரசீது இல்லாத மளிகைக்கு உங்கள் கூகுள் பே பட்டியலே போதும். அம்மா வீட்டில் இருந்துகொண்டு வாடகை 8,000 என்று எழுதினால் அதை அரை நிமிடத்தில் உடைத்துவிடுவார்கள். ஆனால் கரண்ட் பில்லில் ஒரு பங்கு தருகிறீர்கள் என்றால் அதை எழுதலாம்.

உங்கள் பக்கத்து உண்மையை மறைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் தையல் தைத்து மாதம் நாலாயிரம் வருகிறது என்றால் எழுதுங்கள். தபால் நிலையத்தில் டெபாசிட் இருந்தால் எழுதுங்கள். நகை எத்தனை பவுன், யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். நாலாயிரம் வருமானத்தால் பிள்ளைகளின் ஜீவனாம்சம் போய்விடாது, அதை மறைத்தால் மொத்த வழக்கின் மீதும் சந்தேகம் விழும். பொய்ச் சத்தியத்துக்கு பி.என்.எஸ்.எஸ். 379ஆம் பிரிவில் தனி நடவடிக்கையும் வரலாம். வங்கிப் பாஸ்புக்கில் அண்ணன் அனுப்பிய பணம் இருக்கும் அல்லவா? அந்த வரிக்குப் பக்கத்திலேயே "அண்ணன் கொடுத்த கைமாற்று" என்று குறித்து, கடன் கட்டத்திலும் அதே தொகையைக் காட்டுங்கள். விளக்கம் இல்லாத வரவு எல்லாமே "வருமானம்" என்றுதான் வாதிடப்படும்.

கணவரின் வருமானம்தான் கஷ்டமான இடம். பழைய சம்பளச் சீட்டின் போட்டோ, வீட்டுக் கடன் விண்ணப்ப நகல், வண்டியின் ஆர்.சி., உங்கள் கணக்குக்கு அவர் முன்பு அனுப்பிய தொகைகள், ஏன், பெண் பார்க்க வந்தபோது ஜாதகத்தோடு தந்த பயோடேட்டா கூட உதவும். எது உங்களுக்கு நேரடியாகத் தெரியும், எது கேள்விப்பட்டு நம்புவது என்று பிரித்து எழுதுங்கள். கம்பெனி பெயர், பதவி, கிளை முகவரி மட்டும் சரியாக இருந்தாலே போதும், சம்பள விவரத்தைக் கம்பெனியிடமிருந்து தருவிக்கக் கோரித் தனி மனு போடலாம். அவருடைய மின்னஞ்சலைத் திறந்து சம்பளச் சீட்டு எடுப்பது குற்றமாகும், அந்த வழிக்குப் போகாதீர்கள். எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நிர்ணயமான சூத்திரம் எதுவும் இல்லை. நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் என்று பலர் சொல்வது 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மனைவியின் பங்குக்குச் சொன்ன அளவு. நடைமுறையில் அது ஒரு வழிகாட்டி மட்டுமே, பிள்ளைகளின் தேவை அதற்கு மேல் தனியாகப் பார்க்கப்படும். அவருடைய வயதான பெற்றோர், கட்டிக்கொண்டிருக்கும் கடன் இவையும் கணக்கில் வரும்.

பிள்ளைகள் மனுவுக்கு 1890 சட்டத்தின் 10ஆம் பிரிவு ஒரு பட்டியலே தருகிறது: பிள்ளையின் பெயர், பாலினம், மதம், பிறந்த தேதி, வழக்கமான இருப்பிடம், பிள்ளை பெயரில் சொத்து இருந்தால் அதன் விவரமும் மதிப்பும், இப்போது யாரிடம் இருக்கிறது, நெருங்கிய உறவினர்கள் யார் யார், எங்கே இருக்கிறார்கள், இதற்கு முன் வேறு கோர்ட்டில் மனு போடப்பட்டதா, இப்போது மனு போடக் காரணம் என்ன. உறவினர் பட்டியலில் கணவரின் அப்பா அம்மாவை விட்டுவிடுவார்கள், அவர்களும் பிள்ளைக்குத் தாத்தா பாட்டிதான், எழுத வேண்டும். காரணம் எழுதும் இடத்தில் பையனின் ஒரு நாளை எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வேன், யார் ஏற்றிவிடுகிறார்கள், வீட்டுப்பாடம் யார் பார்க்கிறார்கள், நீங்கள் வெளியே போனால் யார் கவனிக்கிறார்கள், தடுப்பூசி அட்டை யார் கையில், எந்த டாக்டர். கணவரின் குறைகளை நாலு பக்கம் எழுதுவதைவிட இந்த அரைப் பக்கம் கனமானது, ஏனென்றால் கோர்ட் பார்ப்பது பிள்ளையின் நலனை மட்டுமே. ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956 சட்டம் சொல்கிறது, மகளுக்கு அது பலம். மகனுக்கு எட்டு வயது என்பதால் நீதிபதி அவனைத் தன் அறைக்கு அழைத்துப் பேசலாம். அவன் கையால் "அப்பா வேண்டாம்" என்று எழுதி வாங்கி ஆவணமாக இணைக்காதீர்கள். சொல்லிக்கொடுத்து எழுத வைத்தது என்று பார்த்த உடனே தெரியும், அதைவிட, அந்தக் காகிதம் அவன் மனசில் நெடுநாள் தங்கும்.

அப்பா பார்க்கும் நேரத்தை நீங்களே மனுவில் முன்மொழிவது நல்லது. மாதத்தில் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை, வாரம் இரண்டு நாள் இரவு 7 மணிக்கு அரை மணி நேரம் வீடியோ கால், மே விடுமுறையில் ஒரு வாரம், பொங்கல் தீபாவளியில் ஆளுக்கொரு பண்டிகை என்று தேதி, நேரம், ஒப்படைக்கும் இடத்தோடு எழுதுங்கள். சேர்ந்து இல்லாத பெற்றோருடன் பிள்ளைக்குத் தொடர்பு இருக்க வேண்டும், வீடியோ கால் அதற்கு ஒரு வழி என்று உச்ச நீதிமன்றம் 2020இல் யஷிதா சாகு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரேயடியாக மறுக்கும் மனுவை நீதிபதிகள் சந்தேகத்தோடுதான் படிக்கிறார்கள்.

ஆவணங்களில் மனு திரும்பி வரும் இடங்கள் பெரும்பாலும் சின்னவை. பிறப்புச் சான்றில் பெயரே இல்லாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பதினைந்து வயது வரை தாமதக் கட்டணம் கட்டிப் பெயர் பதியலாம், முதலில் அதை முடியுங்கள். ஆதாரில் ஒரு இன்ஷியல், பள்ளியில் வேறு இன்ஷியல் என்றால் மனுவிலேயே "இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று ஒரு வரி சேருங்கள். கையால் திருத்திய இடத்தில் கையொப்பம் இல்லாதது, "மேலே சொன்னவை உண்மை" என்று கையெழுத்திடும் மெய்ப்பிப்புப் பத்தியில் தேதி விடுபடுவது, ஒவ்வொரு ஐ.ஏ.வுக்கும் தனிப் பிரமாணப் பத்திரம் வைக்காதது, ஆவணப் பட்டியலும் பக்க எண்ணும் பொருந்தாதது, இவையெல்லாம் அன்றாடம் நடப்பவை. திருப்பிய மனுவைக் கொடுத்த கெடுவுக்குள் மறுதாக்கல் செய்யாவிட்டால் தாமத மன்னிப்பு மனு என்று இன்னொரு வேலை வரும். கணவரின் வீட்டு முகவரி, அலுவலக முகவரி இரண்டையும் பின்கோடோடு தாருங்கள். முகவரி தவறி நோட்டீஸ் திரும்பியே பாதி வழக்குகளில் மாதக்கணக்கில் போகிறது.

வாட்ஸ்அப் மிரட்டலை அச்செடுக்கும்போது அவருடைய எண்ணும் தேதியும் நேரமும் படத்தில் தெரிய வேண்டும், பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவில் இரண்டு பகுதி கொண்ட சான்றிதழ் உண்டு, ஒன்றை நீங்களும் மற்றொன்றை நிபுணரும் தர வேண்டும், ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்). குடும்ப நீதிமன்றத்துக்குச் சாட்சிய விதிகளில் தளர்வு இருப்பதால் இடைக்காலக் கட்டத்தில் இதை எவ்வளவு வற்புறுத்துவார்கள் என்பது கோர்ட்டுக்குக் கோர்ட் மாறும். நான் சொல்வது, இருந்தால் நல்லது. அந்தப் போனை ரீசெட் செய்யாமல், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வைத்திருங்கள்.

வக்கீல் இல்லாமல் போடலாமா என்றால், போடலாம். குடும்ப நீதிமன்றச் சட்டம் 13ஆம் பிரிவின்படி வக்கீல் வைப்பது உரிமையே அல்ல, கோர்ட் அனுமதித்தால்தான். மனுவைத் தமிழிலேயே தாக்கல் செய்யலாம். நடைமுறையில் எதிர்த்தரப்பு அனுமதி வாங்கி வக்கீலோடு வந்துவிடும், குறுக்கு விசாரணைக் கட்டத்தில் நீங்கள் தனியாக நிற்பது சிரமம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெற 1987 சட்டம் உரிமை தருகிறது. கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆதார் நகலோடு விண்ணப்பியுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மனுவின் கணக்கு, தேதி, ரசீது எல்லாம் நீங்கள் தயாரித்துக்கொண்டு போனால் ஒதுக்கப்படும் வக்கீலின் வேலை பாதியாகும், உங்கள் வழக்கும் அவர் மனசில் நிற்கும். அடி, உதை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் குடும்ப வன்முறைச் சட்டத்திலும் பணமும் தற்காலிகப் பொறுப்பும் கேட்க முடியும், அப்போது ஒரு கோர்ட்டில் கேட்டதை மற்ற கோர்ட்டில் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஒன்றில் கிடைத்த தொகை மற்றதில் கழிக்கப்படும்.

இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் சார்வான (கையில் சேர்ந்த) நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "கூடியவரை" என்ற சொல் அங்கே இருப்பதால் பல இடங்களில் அதைவிட நீளும், நடுவில் சமரசப் பேச்சுக்கும் அனுப்புவார்கள், அதையும் கணக்கில் வைத்து வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள். உங்கள் வங்கிக் கணக்கு எண்ணை மனுவிலேயே எழுதி அதில்தான் பணம் வர வேண்டும் என்று கேளுங்கள், கையில் கொடுத்தேன் என்ற சண்டைக்கு இடம் இருக்காது. அவர் வராமல் ஒருதலைப்பட்ச உத்தரவு கிடைத்தால், மூன்று மாதத்துக்குள் அவர் தகுந்த காரணம் காட்டி அதை ரத்து செய்யக் கேட்கலாம், அந்த மூன்று மாதமும் உங்கள் ஆவணங்கள் தயாராக இருக்கட்டும். உத்தரவு வந்த அன்றே நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள், தடை உத்தரவின் நகல் ஒன்றைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பணம் வராத மாதங்களைக் காலண்டரில் குறித்துவாருங்கள். பாக்கியை வசூலிக்கும் மனுவை, அந்தத் தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், அந்தக் கெடு தாண்டிய மாதங்களுக்கு வாரண்ட் கேட்க முடியாது. பத்து மாதப் பாக்கி சேரும் வரை காத்திருக்காமல், மூன்று மாதம் விட்டுப்போனாலே மனுவைத் தட்டச்சுக்குக் கொடுங்கள்.